மேபல் சிரித்த இடம்

லாஸ் ஏஞ்சலஸ்
7 நவம்பர் 1971, ஞாயிறு

முறுக்கிக்கொண்டு ஊருக்குப் போன நார்பர்ட்டுக்கு,

வெர்னா எழுதுவது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீ நலமாக இருக்கிறாய் என்றால், அதை அறியும் ஆவலும் எனக்கு இப்போது இல்லை.

நேற்று மாலையிலிருந்து உன் அக்கா வீட்டுக்குப் போன் செய்து செய்து விரல் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் யூனிஸ்தான் எடுக்கிறாள். "நார்பி ஏரிக்கரைக்குப் போயிருக்கானேம்மா" என்கிறாள். விஸ்கான்சின் குளிரில், நவம்பர் மாதத்தில், காலையும் மாலையும் ஏரிக்கரையில் உட்கார எந்த மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? கடைசியாகப் பேசியபோது பின்னால் நீ இருமியது எனக்குக் கேட்டது. ஒன்பது வருடம் அந்த இருமலுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவளிடமா ஏரிக்கரைக் கதை விடுகிறீர்கள்?

இந்தக் கடிதத்தை யூனிஸ் உனக்கு முன்னால் பிரித்துப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். நீ அவளிடம் உன் பக்கத்தை மட்டும் சொல்லியிருப்பாய். யூனிஸ், நியாயம் எந்தப் பக்கம் என்று நீயே சொல். முதலிலிருந்து எழுதுகிறேன்.

'ஹாலரன் ஹவர்' எப்படிப்பட்ட நிகழ்ச்சி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, யூனிஸ், சனிக்கிழமைதோறும் பார்க்கிறாய். பாட்டு, ஆட்டம், நடுநடுவே சிரிப்பு நாடகம். அதில் ஸ்டான்லியாக நடிப்பது உன் தம்பி, மேபலாக நடிப்பது நான். சமையலறை மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சண்டை போடுகிற கிழட்டுத் தம்பதி. நாட்டில் பாதிப் பேர் எங்களை நிஜமாகவே புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம்கூட மளிகைக் கடையில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளோட எப்படித்தாம்மா குடும்பம் நடத்துறீங்க?" என்று பரிதாபப்பட்டாள். நடத்தவில்லையே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லாமல் தக்காளியைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இந்த வம்பெல்லாம் டென்னி ஹாலரனால் வந்தது. நிகழ்ச்சி அவருடையது, பெயரும் அவருடையது, அது சரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஓட்டல் நாடகத்தில் நார்பர்ட்டின் ஒட்டு மீசை கழன்று சூப்பில் விழுந்தது. இவன் அசரவில்லை. கரண்டியால் அதை எடுத்து, சொட்டச் சொட்ட மறுபடி ஒட்டிக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்தான். டென்னிக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கீழே உட்கார்ந்திருந்த சனம் எழுந்து நின்று கை தட்டியது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களை வைக்க இடமில்லை.

பிடித்துக்கொண்டாரே மனுஷன். அடுத்த வாரமும் சிரிப்பு வந்தது. மீசை எதுவும் விழவில்லை, சிரிப்பு மட்டும் வந்தது. அதிலிருந்து வாரா வாரம் உதட்டைக் கடித்துக்கொண்டு சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். தோள் குலுங்கும். பக்கத்தில் நிற்கிற எங்களுக்குத்தானே முகம் தெரியும்? அதில் ஒன்றுமே இருக்காது. ஒரு தடவை அப்படித் திரும்பி நின்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

நார்பர்ட்டுக்கு இது வயிற்றெரிச்சல். அப்போதே என்னிடம் சொன்னான்: "அவரு கடை, அவரு என்னவோ பண்ணிட்டுப் போகட்டும். நம்ம மேஜைக்கு மட்டும் அந்தக் கருமம் வரக் கூடாது, வெர்னா. நாமளே சிரிச்சுட்டா கீழ உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு என்ன வேலை?" நான் அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றியும் வந்தேன்.

போன வியாழக்கிழமை ரோஸ் காகிதம் வந்தது. எழுதியதை மாற்ற மாற்ற இங்கே காகிதத்தின் நிறமும் மாறும், யூனிஸ். ரோஸ் வந்தால் தயாரிப்பாளர் மர்ரே கெஸ்லர் கை வைத்துவிட்டார் என்று பொருள். இந்த வாரம் ஸ்டான்லிக்கும் மேபலுக்கும் கல்யாண நாள். அவள் ஆப்பிள் பை சுட்டு வைத்திருக்கிறாள். அவன் அதை வெட்டி, பெரிய துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு அவளைத் திட்டத் தொடங்குகிறான். அந்த இடத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'இங்கே வெர்னாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.' மேபலால் என்றுகூட எழுதவில்லை பார்.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் நிகழ்ச்சியை இரண்டு முறை செய்வோம். ஐந்து மணிக்கு ஒரு கூட்டம், எட்டு மணிக்கு வேறு கூட்டம். இரண்டையும் டேப்பில் பிடித்து, நல்லதை நல்லதை எடுத்து ஒட்டி, இரண்டு வாரம் கழித்து ஒளிபரப்புவார்கள். ஐந்து மணிக்கு நான் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். நார்பர்ட் மேஜைக்கு அடியில் என் காலை மெல்லத் தட்டினான், சந்தோஷத்தில்.

சாப்பாட்டு இடைவேளையில் மர்ரே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ஒரே ஒரு சிரிப்பு, கண்ணு. சிரிச்சா முத்தா உதிர்ந்துடும்?" என்றார். "டென்னிகிட்டதான் மூட்டை மூட்டையா இருக்கே, அவருகிட்ட வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் நார்பர்ட் நின்றுகொண்டிருந்தான். "என்னவாம்?" என்றான். அவனுக்கு மூக்கு மேல் கோபம் வரும், எட்டு மணிக் கூட்டமோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அதனால், "ஒண்ணுமில்ல" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது.

எட்டு மணிக்கு அதே மேஜை, அதே வசனம். நார்பர்ட் ஆப்பிள் பையை வெட்டினான், பெரிய துண்டை எடுத்துக்கொண்டான், சனத்தைப் பார்த்தபடி திட்ட ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தும்மல் வருவதுபோல வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேபலின் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் வசனத்தையும் அவனே சொல்லி முடித்தான்.

திரை விழுந்ததும் மர்ரே ஓடி வந்து, எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். "பிரமாதம் கண்ணு! அப்படியே நிஜம் மாதிரி இருந்துச்சு!" நார்பர்ட் ஒரு முழம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மீசையைப் பிய்த்து மேஜையில் வைத்தான். "நல்லாச் செஞ்சே, வெர்னா. அவங்க கேட்ட எடத்துலயே செஞ்சே" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் ஆள் காரில். மறுநாள் ஆள் விமானத்தில்.

இப்போது உன்னிடம் பேசுகிறேன், நார்பர்ட். அது நடிப்பில்லை. நிஜமாக வந்தது. அந்தச் சண்டாளன் மர்ரே குறித்து வைத்த இடத்திலேயே வந்து தொலைத்தது என் தலையெழுத்து. அப்படி என்ன சிரிப்பு என்று கேட்பாய். அதை எழுத மாட்டேன். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

ஒன்று செய்கிறேன். ஐந்து மணி டேப் இருக்கிறது, அதில் நான் சிரிக்கவில்லை. மர்ரேயின் காலில் விழுந்தாவது எட்டு மணிச் சிரிப்பை வெட்டச் சொல்கிறேன். அப்போதாவது வருவாயா? இந்த வாரம் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே.

மிகுந்த கோபத்துடன்,
வெர்னா


லாஸ் ஏஞ்சலஸ்
14 நவம்பர் 1971, ஞாயிறு

நார்பர்ட்டுக்கு,

உன் தபால் அட்டை வெள்ளிக்கிழமை காலையில் கிடைத்தது. ஒரு பக்கம் பசு மாடு, மறு பக்கம் நீ. "கடிதம் கண்டேன். சிரிப்பு நன்றாகவே இருந்தது. வாழ்த்துகள்." அவ்வளவுதானா? நான்கு பக்கம் மூச்சு வாங்க எழுதியவளுக்கு இதுவா பதில்? அந்தப் பசு மாட்டுக்கு இருக்கிற இரக்கம்கூட உனக்கு இல்லை. அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து ஒட்டினேன். ஏன் ஒட்டினேன் என்று கேட்காதே, அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இங்கே நடப்பதைக் கேள். நீ இல்லாததால் ஸ்டான்லியாக டென்னியே உட்கார்ந்தார். உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, உன் நாற்காலியில். முதல் வசனத்திலேயே உதட்டைக் கடித்தார். அதற்குப் பிறகு வசனமா வந்தது? நான் ஒன்று சொல்வேன், அவர் திரும்பித் தோளைக் குலுக்குவார், நான் காத்திருப்பேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவள் மாதிரி நின்றேன். சனத்துக்கு அது பிடித்துப்போனதுதான் கொடுமை. விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முடிந்ததும் மர்ரே, "பாத்தியா கண்ணு, நார்பி இல்லாமலும் வண்டி ஓடுது" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. "ஓடுது மர்ரே, பள்ளத்தைப் பாத்து ஓடுது" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், கேட்டுக்கொள். "இருபத்திரண்டாம் தேதி திங்கக்கிழமை காலைல வசனம் வாசிக்கிற மேஜைல அவன் வந்து உட்காரணும். இல்லேன்னா டென்னிதான் இனிமே உன் புருஷன்." சிரிக்காமல் சொன்னார். டென்னியின் ஆட்கள் ஸ்வெட்டரை அவர் அளவுக்குப் பிரித்துத் தைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் உனக்காக நான் பட்ட அவமானத்தையும் சொல்கிறேன். சிரிப்பை வெட்டச் சொல்லி மர்ரேயிடம் கெஞ்சினேன். அவர் இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு ஒரு பேரம் பேசினார். கடைசிப் பாட்டில் நான் கோழி வேஷம் போட வேண்டுமாம். இந்த வாரம் பாட வந்தவன் வேட் டாக்கெட் என்று டெனசியிலிருந்து ஒரு இளைஞன். செத்துப்போன தன் அண்ணனைப் பற்றிக் கிடாரை வைத்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினான் பார், கேமரா பிடிப்பவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். அது முடிந்த கையோடு அவனுக்கும் ஒரு கொண்டையை மாட்டி, எங்களோடு கோழி ஆட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பாவம், என்னிடம் மெல்லக் கேட்டான்: "ஏம்மா, இங்க பாட வர்றவங்க எல்லாரையும் இப்படித்தான் பண்ணுவாங்களா?" நான் சொன்னேன்: "ஆமா தம்பி. பாட்டு நல்லா இருந்தா கோழி. ரொம்ப நல்லா இருந்தா வாத்து." அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. வாலில் கம்பி குத்திக்கொண்டிருந்தது.

ஆக, கோழியாகி வாங்கிய அனுமதியோடு நேற்றுக் காலை டேப் வெட்டும் அறைக்குப் போனேன். டேப் வெட்டுகிற ஆள் ஆட்டோ அங்கே இருந்தான். நமக்கும் ஒளிபரப்புக்கும் நடுவில் கத்தியோடு நிற்கிறவன் அவன் ஒருவன்தான், உனக்குத் தெரியும். ஐந்து மணி டேப்பைப் போட்டுக் காட்டினான். கச்சிதமாக இருந்தது. நீ திட்டுகிறாய், நான் கல்லு. "இதை வச்சிரு ஆட்டோ" என்றேன். எழுந்து வந்திருக்கலாம். எட்டு மணி டேப்பையும் ஒரு தடவை போடு என்று நானே கேட்டேன்.

இனி எழுதப்போவதை யூனிஸ் படிக்கக் கூடாது. யூனிஸ், தயவுசெய்து இந்த இடத்தில் காகிதத்தை மடித்து அவனிடம் கொடுத்துவிடு.

நார்பர்ட், நீ அன்றைக்கு என்ன செய்தாய் என்று உனக்கே தெரியாது. உனக்குத் தெரியாது என்பதே டேப்பில் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பெரிய துண்டை உன் தட்டில் வைத்தாய், அது எழுதியிருந்தது. சனத்தைப் பார்த்து, "இருபத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுல எனக்கு என்ன சுகம்?" என்று கத்தத் தொடங்கினாய், அதுவும் எழுதியிருந்தது. கத்திக்கொண்டே இருக்கும்போது உன் இடது கை அந்த ஆப்பிள் பையின் மொறுமொறுப்பான விளிம்பை மெல்ல உடைத்து, என் தட்டில் கொண்டுவந்து வைத்தது. அதை யாரும் எழுதவில்லை. நிகழ்ச்சி முடிந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எதிர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவோமே, அங்கே நீ செய்வது அது. எனக்கு நடுப்பகுதி பிடிக்காது, விளிம்புதான் பிடிக்கும் என்று நான் உனக்குச் சொன்னதுகூட இல்லை. நீயாகக் கண்டுபிடித்து வைக்க ஆரம்பித்தாய், நானும் கேட்காமல் சாப்பிட்டுவந்தேன்.

வாய் மேபலைத் திட்டுகிறது, கை எனக்கு விளிம்பு வைக்கிறது. சிரிப்பு வராமல் என்ன செய்யும்? நீ சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லையே, இவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று நினைத்திருப்பாய். ரோஸ் காகிதம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். உன்மேல் தப்பு சொல்ல முடியவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

ஆனால் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. கேமரா பார்த்துவிட்டது. உன் கை என் தட்டைத் தொடும்போது படம் என் முகத்துக்கு வருகிறது. சிரிப்பதற்கு முன்னால் ஒரு கணம், அவ்வளவுதான். அந்த முகத்தோடு நான் ஒன்பது வருடம் உன் எதிரில் உட்கார்ந்திருந்தேனா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணமாகாத ஐம்பது வயதுக்காரி, தலையில் நரைத்த டோப்பா, கன்னத்தில் பொய்ச் சுருக்கம். அதையெல்லாம் மீறித் தெரிகிறது, நார்பர்ட். எந்த முட்டாள் பார்த்தாலும் தெரியும். மளிகைக் கடையில் என் கையைப் பிடித்தவளுக்குக்கூடத் தெரியும்.

ஆட்டோ கேட்டான்: "என்னம்மா, வெட்டவா வேண்டாமா? எனக்குச் சாப்பாட்டு நேரம்."

வெட்டாதே என்று சொல்லிவிட்டேன். கோழி வேஷம் போட்டு வாங்கிய வரத்தை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு வந்தேன். மர்ரேவுக்குக் கொண்டாட்டம். தான் எழுதிய வரி ஜெயித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். டென்னி என்னிடம் வந்து, எப்படிச் செய்தாய், எனக்கும் கற்றுக்கொடு என்கிறார். அவருக்கு நான் என்னத்தைக் கற்றுக்கொடுப்பேன்?

இந்தச் சனிக்கிழமை, இருபதாம் தேதி, அது ஒளிபரப்பாகிறது. யூனிஸ் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார். அவளை வேண்டுமானால் ஏரிக்கரைக்கு அனுப்பிவிடு. நீ, முன்பே பதிந்துவைத்து ஒட்டுகிற பொய்ச் சிரிப்பையும் நிஜச் சிரிப்பையும் காதாலேயே பிரித்துவிடுகிறவன்தான், ஆனால் இந்தத் தடவை காதை நம்பாதே. சத்தத்தைக் குறைத்துவிட்டு, வெறும் கண்ணால் பார்.

அன்று இரவு நாடு முழுக்க அந்த முகத்தைப் பார்க்கும். பார்த்துவிட்டு மேபலுக்கு ஸ்டான்லிமேல் எவ்வளவு ஆசை என்று பேசிக்கொண்டு தூங்கப் போய்விடுவார்கள். அவர்களிடம் நான் மறைத்துக்கொள்ளலாம். உன்னிடம் இனி முடியாது. நடிப்பு என்று சொல்லித் தப்பிக்கிற வழியையும் போன கடிதத்திலேயே நானே அடைத்துவிட்டேன். அது நடிப்பா என்று நீதானே வந்து கேட்கப்போகிறவன்? கேட்டால் இல்லை என்றே சொல்வேன்.

திங்கட்கிழமை வாசிப்புக்கு வந்துவிடு. பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். உனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றாலும் வா. முன்பு போலவே உட்கார்ந்து சண்டை போடுவோம், எனக்கு அது போதும் என்று எழுத நினைத்தேன். போதாது. ஆனாலும் வா. கடவுள் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், சனிக்கிழமைக்குள் கொடுக்கட்டும்.

உன் நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடாமல் காத்திருக்கும்,
வெர்னா